பை வைத்த கல்யாண உடுப்பு

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

ஊசி எழுதிக்கொள்வது. இத்தனை வருஷமும் அக்காவுக்குத்தான் எழுதினேன். கடைசி வரியில் "அத்தானையும் கேட்டதாகச் சொல்" என்று போடுவேன். இனிமேல் அந்த வரிக்கு மேலே எழுத ஆள் இல்லை. அதனால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன். ஏழாவதோடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய பெட்டி வந்தது. மேலாக அக்காவின் கல்யாண உடுப்பு. அதன் மேல் உங்கள் சீட்டு. குருவி இதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள், உள்பக்கத்தைத் திருப்பிக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள், பார்க்கப் பயமாக இருக்கிறது, துவைத்து நீயே வைத்துக்கொள் என்று எழுதியிருந்தீர்கள்.

துவைக்கவில்லை அத்தான். அது நான் தைத்த உடுப்பு. "வெளிய எப்படி வேணா இருக்கட்டும், உடம்புல படற எடம் வழுவழுன்னு இருக்கணும்டி" என்று அக்கா கேட்டாள். உள்துணிக்கு மெல்லிசான பட்டு வைத்தேன். குருவி தேய்த்துக்கொள்கிறாள் என்றீர்களே, அந்தப் பட்டைத்தான். கழுத்தோரத்தில் அக்காவின் பவுடர் வாசனை இன்னும் இருக்கிறது. தண்ணீரில் போட்டால் அதுவும் போய்விடும்.

ஐந்து வயசுப் பிள்ளைக்கு அம்மாவும் இல்லை, அம்மாவின் துணியும் இல்லை என்றால் எப்படி? திருப்பி அனுப்பட்டுமா?

அக்கா படுத்துக் கிடந்தபோது நானும் வருகிறேன் என்றேன். விசா கிடைக்காது, வீண் செலவு என்றீர்கள். குத்திக்காட்டவில்லை. மனசில் இருந்தது, எழுதிவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கொழுந்தியாள்,
ஊசி

மார்ச் 21

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலை அதிகம். இந்த வாரம் பதினேழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை நானும் இன்னொரு மெக்கானிக்கும் கயிறு போட்டு இறக்கினோம். வீட்டுக்கு வந்தால் சோறு வடிக்கக்கூடக் கை எழும்பவில்லை.

உடுப்பை அனுப்ப வேண்டாம். பிள்ளை மறக்கப் பழக வேண்டும். மேல்வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். அக்கா இருக்கும்போதே பழக்கம். அவர்தான் காலையில் குருவிக்குத் தலை சீவி அனுப்புகிறார்.

ஒரு உதவி. குருவி தூங்க அடம் பிடிக்கிறாள். "சித்தி கல்யாணம் சொல்லு" என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளையே விசாரித்தால், உனக்கு நடக்கப்போகிற கல்யாணம் என்று நீ சின்ன வயசிலிருந்து ஒரு கதை வைத்திருக்கிறாயாம். அக்கா அதைச் சொல்லித்தான் தூங்க வைப்பாளாம். அதை எழுதி அனுப்பு, படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அத்தான்

ஏப்ரல் 6

அன்புள்ள அத்தானுக்கு,

அந்தக் கூத்தையெல்லாமா அக்கா பிள்ளையிடம் சொன்னாள்? எனக்கு முகம் சிவந்துவிட்டது. நல்லவேளை, கடிதத்துக்குக் கண் கிடையாது.

எங்கள் கடையைப் பற்றி முதலில் சொன்னால்தான் கதை புரியும். வெளியூர்ப் பெண்கள் கல்யாண உடுப்புக்கு அளவை மட்டும் எழுதி அனுப்புவார்கள். அவர்களுக்குப் பதிலாக நான்தான் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டூல் மேல் நிற்பேன். முதலாளியம்மா சுற்றிச் சுற்றி வந்து குண்டூசி குத்துவார். மாலையில் வீட்டுக்குப் போனால் என் மேல் இரண்டு ஊசியாவது பாக்கி இருக்கும். அக்கா எனக்கு வைத்த பேர் அப்படி வந்ததுதான். ஆனால் நிற்கிறவள் கண்ணாடி பார்க்கக் கூடாது. அடுத்தவள் கல்யாண உடுப்பில் தன் முகத்தைப் பார்த்துவிட்டால் அவள் வாழ்வை இவள் எடுத்துக்கொண்டு போய்விடுவாளாம். முதலாளியம்மா கண்ணாடி மேல் போர்வையைப் போட்டுவிட்டுத்தான் என்னை ஸ்டூலில் ஏற்றுவார். அதனால் நான் தலைக்குள்ளேயே பார்த்துக்கொள்வேன். இனி குருவிக்குப் படியுங்கள்.

சித்தி கல்யாணம் காலையில். வெயில் சுடுவதற்கு முன்னால். சின்னக் கூடம்தான், ஆனால் சுவரெல்லாம் ஜன்னல். ஒலிபெருக்கி கிடையாது. ஒருத்தர் பேசினால் மற்றவருக்குக் கேட்க வேண்டும்.

உடுப்பு எந்த நிறம் தெரியுமா? பால் தாராளமாக ஊற்றின தேநீர் நிறம். இதைச் சொன்னதும் உன் அம்மா என்ன சொல்வாள்? "கல்யாணமா, டீக்கடையாடி?" என்பாள். கை முழங்கை வரை. இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு மறைய வேண்டுமே. அப்புறம், உடுப்பில் ஒரு பை இருக்கும். எந்த ஊர்க் கல்யாணப் பெண்ணுக்கும் பை கிடையாது. கைக்குட்டையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு அவள் எங்கே என்று தேடுவாள். சித்திக்கு அந்தத் தொல்லை இல்லை.

யாரும் முட்டி போட்டுச் சித்தியின் உடுப்பு ஓரத்தைப் பிடிக்கக் கூடாது. சித்தி ஊருக்கெல்லாம் ஓரம் பிடித்தவள், அவளுக்கு முட்டி வலி தெரியும். முதலில் கல்யாணப் பெண் சாப்பிடுவாள். சூடாக. பிறகுதான் மற்றவர்கள்.

மாப்பிள்ளை யார்? சித்தி சொல்வாள், "அவரு இன்னும் பஸ்ல வந்துட்டிருக்காரு." எந்த பஸ்? "அதான் தெரியல, கூட்டமா இருக்கும், உக்கார எடம் கெடச்சுதோ என்னமோ."

சித்தி நடந்து வரும்போது பக்கத்தில் யார்? குருவிதான். சித்தியின் கையைப் பிடிக்க மாட்டாள். அந்தப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு வருவாள். கூட்டத்தில் தொலைய மாட்டாள் பாருங்கள்.

இவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கும் தூக்கம் வந்துவிடும்.

உங்கள் கொழுந்தியாள்,
ஊசி

ஏப்ரல் 29

அன்புள்ள ஊசிக்கு,

படித்தேன். பஸ் வருவதற்குள் குருவி தூங்கிவிட்டாள். மறுநாளும் அதையே கேட்டாள். மேல்வீட்டு டீச்சரும் பாத்திரம் கொடுக்க வந்தவர் அப்படியே உட்கார்ந்து கேட்டார். "எழுதத் தெரியாதுன்னாங்க, எவ்வளவு அழகா யோசிச்சிருக்காங்க" என்றார். பைக்குள் என்னென்ன இருக்கும், கூடத்தில் பூ வைப்பீர்களா, என்ன பூ என்று கேட்டு எழுதச் சொன்னார்.

உன் அக்கா இவ்வளவு நாள் இதை என்னிடம் சொல்லவே இல்லை. நீ ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நானும் உன்னைக் கேட்டதில்லை.

வீட்டில் ஒரு பெண் இல்லாமல் முடியாது என்று பார்க்கிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். நானும் யோசிக்கிறேன்.

அன்புடன்,
அத்தான்

மே 12

அன்புள்ள அத்தானுக்கு,

பைக்குள் கைக்குட்டை, நூல் கோத்த ஊசி ஒன்று, ஒரு பிஸ்கட். கல்யாணப் பெண்ணைப் போலப் பட்டினி கிடக்கிறவள் உலகத்தில் இல்லை. பூ, ஜன்னலுக்கு ஒன்றாக வெள்ளைப் பூ. ஒரு பூ போதும். கொத்துக்கொத்தாக வைத்தால் பூக்கடை மாதிரி இருக்கும். டீச்சரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தலை சீவி விடுகிறவர், அவர் எது கேட்டாலும் எழுதுகிறேன்.

நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டதில்லை என்றீர்கள். கேட்டிருந்தாலும் பெரிய பதில் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குக் கை கால் விழுந்தது. அக்கா வெளிநாட்டில். யாராவது ஒருத்தி இருக்க வேண்டும். அம்மா போனபோது எனக்கு வயசு போயிருந்தது. பெண் பார்க்க வந்த ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டு, "தைக்கிற பொண்ணா, கண்ணு சீக்கிரம் போயிருமே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கண்ணாடி போட்டது இந்த வருஷம்தான். அந்த ஆள் அவசரப்பட்டுவிட்டார்.

உங்கள் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். வேறு ஒன்றும் எழுதவில்லை.

ஊசி

ஜூன் 9

ஊசிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். நீ சொன்ன அந்த உடுப்பைத் தைத்துவிடு. ஒன்றையும் மாற்றாதே. அதே தேநீர் நிறம், முழங்கை வரை கை, பை, எல்லாம். அளவு தனியாக வேண்டாம், உன் அளவே சரியாக இருக்கும். ஆகஸ்டு பிறப்பதற்குள் பார்சலில் அனுப்பிவிடு. ஆகும் செலவை முதலாளியம்மாவுக்கு நேராக அனுப்பிவிடுகிறேன்.

குருவிக்கு இனி ஒரு அம்மா வேண்டும். ஆனால் இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே. அக்கா போய் வருஷம் திரும்பவில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

அத்தான்

ஜூன் 20

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தேன், உட்கார்ந்து முடித்தேன்.

நீங்கள் கேட்காமல் கேட்டீர்கள். நானும் சொல்லாமல் சொல்கிறேன். சரி. எனக்கு இதில் ஆசை என்று எழுதினால் அக்காவுக்குத் துரோகம், ஆசை இல்லை என்று எழுதினால் பொய். குருவிக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி அதுவும் நிஜம்தான்.

துணி எடுத்துவிட்டேன். கடைக்காரன் ஏழு எட்டு வகை எடுத்துப் போட்டான். நான் டீ வாங்கிவரச் சொல்லி டம்ளரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுத்தேன். என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பான்.

எப்போது வர வேண்டும் என்று எழுதுங்கள்.

உங்கள்,
ஊசி

ஜூலை 28

அன்புள்ள அத்தானுக்கு,

ஜூன் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேலையாக இருப்பீர்கள். லிஃப்ட் நின்றால் நீங்கள்தானே ஓட வேண்டும்.

உடுப்பு முடிந்தது. இன்று பார்சலில் போட்டுவிட்டேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கட்டிங் மாஸ்டர் துணியை விரித்து அளவைப் பார்த்ததும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். "இத்தன வருஷமா ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நின்னுக்கிட்டே இருந்த. இனிமேயாவது உக்காரு தாயி" என்றார். அவர் என்னைக் கிண்டல் செய்யாமல் பேசியது அதுதான் முதல் தடவை. முதலாளியம்மாவுக்குப் பார்சல் விஷயம் பிடிக்கவில்லை. "பொண்ணுக்கு முந்தி உடுப்பு போகுதா? எங்கயாச்சும் கேட்டிருக்கியாடி?" என்றார். "வழியில பெட்டியக் கிண்டுவாங்கம்மா, பார்சல்னா பத்திரமாப் போகும்" என்றேன். அவரைச் சமாதானப்படுத்தச் சொன்னதுதான். எனக்கும் அது தேவைப்பட்டது.

கடைசியாகப் போட்டுப் பார்க்க ஸ்டூலில் ஏறினேன். பழக்க தோஷத்தில் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதலாளியம்மா அவரே போய்ப் போர்வையை உருவிப் போட்டார். "திரும்பு. உன்னோடதுதானே, பாரு" என்றார். பார்த்தேன் அத்தான். எத்தனையோ கல்யாண உடுப்பு போட்டவள், அதில் எப்படி இருப்பேன் என்று அன்றுதான் தெரிந்தது. மோசமில்லை.

பைக்குள் ஒரு வேலை செய்திருக்கிறேன். அதை இப்போது சொல்ல மாட்டேன், வந்து சொல்கிறேன். குருவி கையை விட்டால் அவளே கண்டுபிடிப்பாள்.

அக்காவிடமும் கேட்டுவிட்டேன். அவள் உடுப்பை மடியில் போட்டுக்கொண்டு கேட்டேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

ஆகஸ்டோடு நின்றுகொள்கிறேன் என்று கடையில் சொல்லிவிட்டேன். அளவுக்கு நிற்க ஒரு சின்னப் பெண்ணையும் பார்த்தாகிவிட்டது. ஒல்லி, ஆனால் அசையாமல் நிற்கிறாள்.

குருவியிடம் சொல்லுங்கள், பஸ் வந்துவிட்டது.

உங்கள்,
ஊசி

செப்டம்பர் 3

அன்புள்ள ஊசிக்கு,

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

மேல்வீட்டு டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டேன். உடுப்பு அவளுக்கு வார்த்தது போல இருந்தது. உன் உயரம், உன் வாகுதான் அவளும். அக்காவே ஒருமுறை, "டீச்சர் பின்னாடி திரும்பி நின்னா எங்க ஊசியேதான்" என்று சொல்லியிருக்கிறாள்.

நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய் என்று உன் ஜூன் கடிதத்தைப் பார்த்ததும் புரிந்தது. உடனே எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். டீச்சர்தான், "தைச்சு முடிக்கட்டும், இப்பச் சொன்னா அவங்களுக்குக் கை ஓடாது" என்றாள். எனக்கும் அது சரியென்று பட்டது. தப்பாக நினைக்காதே. நீ எங்களுக்கு எப்போதும் வேண்டியவள்.

அவளுக்கு உன் கதையைக் கேட்ட அன்றே ஆசை வந்துவிட்டது. "இவ்வளவு நல்ல கல்யாணம் சும்மா வீணாப் போகக் கூடாது" என்றாள். காலை வெயில், ஜன்னல் கூடம், ஜன்னலுக்கு ஒரு பூ, ஒலிபெருக்கி இல்லை, முதலில் பெண் சாப்பிட்டது, எல்லாம் நீ சொன்னபடியே. சாப்பாட்டின்போது அந்த பஸ் கதையை நான் எடுத்துவிட்டேன், எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

எனக்குக் குருவியை நினைத்துத்தான் பயமாக இருந்தது. முறைத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் நடந்து வரும்போது டீச்சரின் பைக்குள் கையை விட்டவள் கடைசி வரைக்கும் எடுக்கவே இல்லை. சாப்பிடும்போதும் ஒரு கை அதற்குள்தான். நடுநடுவில் கையை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொள்வாள், திரும்ப விட்டுக்கொள்வாள். டீச்சர் போட்ட சென்ட் பிடித்துவிட்டது போல. பிறகு அப்படியே பையில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "பெத்தவளக்கூட இப்படிப் பிடிச்சிருக்காது" என்று ஒரு அம்மா சொன்னார். டீச்சருக்கு அன்றிலிருந்து தரையில் கால் இல்லை. உடுப்பை அலமாரியில் மாட்டி வைத்திருக்கிறாள், குருவி கேட்கும்போதெல்லாம் திறந்து காட்டுகிறாள். அம்மா என்றும் கூப்பிடப் பழக்குகிறோம்.

ஒரு உதவி. அடுத்த மாதம் நாங்கள் இருவரும் இரண்டு வாரம் வெளியே போய்வரலாம் என்று இருக்கிறோம். குருவியைப் பார்த்துக்கொள்ள நீ வர முடியுமா? டிக்கெட் இதோடு இருக்கிறது. விசாவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன், ஒன்றும் கஷ்டமில்லை.

அன்புடன்,
அத்தான்

செப்டம்பர் 25

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. டிக்கெட்டை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அக்கா கிடந்தபோது கிடைக்காத விசா, நீங்கள் ஊர் சுற்றக் கிடைத்திருக்கிறது. நல்லது.

கடையில் முதலாளியம்மா என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஆனால் அளவுக்கு நிற்க இப்போது அந்தச் சின்னப் பெண் இருக்கிறாள். அவள் ஸ்டூலில் நிற்கிறாள், நான் முட்டி போட்டு ஓரம் மடிக்கிறேன். கண்ணாடிக்குத் திரும்பப் போர்வை போட்டாகிவிட்டது. கட்டிங் மாஸ்டர் ஒன்றுமே கேட்கவில்லை. மத்தியான டீயை எனக்கு மட்டும் பால் ஊற்றாமல் வாங்கிவரச் சொல்கிறார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

டீச்சரிடம் ஒன்று கேளுங்கள். கை எதற்கு முழங்கை வரைக்கும்? அவர் கையில் தழும்பு இல்லையே. மற்றதெல்லாம் எடுத்துக்கொண்டார், சரி. என் தழும்புக்கு வைத்த கையைக்கூடவா எடுத்துக்கொள்ள வேண்டும்?

பைக்குள் ஒரு வேலை செய்திருக்கிறேன், வந்து சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். வரப்போவதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பையின் உள்துணி அக்காவின் கல்யாண உடுப்பில் இருந்து வெட்டினது. குருவி கன்னத்தில் தேய்த்துக்கொண்டு தூங்கின அதே பட்டு. கழுத்தோரமாகப் பார்த்து வெட்டினேன், வாசனை அங்கேதான் இருந்தது. நீங்கள் துவைக்கச் சொன்னீர்கள், நான் துவைக்கவில்லை. அக்காவை விட்டுவிட்டு நான் மட்டும் நடந்து போகக் கூடாது, பக்கத்தில் அவளும் இருக்கட்டும் என்று ஆசையாகத்தான் வைத்தேன். அப்போது இதில் வேறு எண்ணம் இல்லை. இப்போது எழுதுகிறேனே, இப்போது இருக்கிறது.

குருவி டீச்சரைப் பிடித்துக்கொள்ளவில்லை அத்தான். சென்டையும் முகரவில்லை. அந்தக் கூடத்தில் அவ்வளவு பேர் இருந்தீர்கள், கண்ணை வேறு துடைத்துக்கொண்டீர்கள். அவள் அம்மா எங்கே இருக்கிறாள் என்று ஐந்து வயசுப் பிள்ளைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

டீச்சரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு. சொன்னால், தன் கல்யாணத்தன்று யாரை இடுப்போடு வைத்துக்கொண்டு நடந்தோம் என்று அவருக்குத் தெரியும். பையைப் பிரிக்கச் சொல்வார். இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன், கையால் வராது, கத்திரி வேண்டும். குருவி பார்க்கச் செய்யாதீர்கள். சொல்லாவிட்டால், பிள்ளை அலமாரியைத் திற என்று கேட்கும்போதெல்லாம் டீச்சர் சந்தோஷமாகத் திறப்பார். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருங்கள்.

வெட்டினது போக அக்காவின் உடுப்பு மீதி என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதாதீர்கள்.

அந்தக் கண்ணாடி விஷயமும் உங்களுக்குத் தெரியும். அடுத்தவள் கல்யாண உடுப்பில் நான் முகம் பார்த்துவிட்டேன். முதலாளியம்மா இப்போது அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதை டீச்சரிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சித்தி ஏன் வரவில்லை என்று குருவி கேட்டால், பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தங்கை